நெருங்கிய நோய்க்கிருமிகளை நொதிகளைக் கொண்டு ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ், மைக்கோபாக்டீரியம் போவிஸ். முதலாவது மனிதரைத் தாக்கும் காசநோய்க் கிருமி. இரண்டாவது பெரும்பாலும் மாடுகளுக்கு வருவது, சில சமயம் மனிதருக்கும் தொற்றும். இரண்டின் மரபணுத் தொகுப்பும் 99.95 சதவீதத்துக்கு மேல் ஒன்றே. நுண்ணோக்கியில் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் பைராசினமைடு மருந்து முதலாவதைக் கொல்லும், இரண்டாவதை ஒன்றும் செய்யாது. அந்த மருந்து தானாக வேலை செய்வதில்லை. கிருமிக்குள் இருக்கும் பைராசினமிடேஸ் என்ற நொதி அதைப் பைராசினோயிக் அமிலமாக மாற்றினால்தான் அது நஞ்சாகும். போவிஸில் அந்த நொதியின் 57ஆவது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதிலாக அஸ்பார்டிக் அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரே மாற்றத்தில் நொதி முடங்கிவிட்டது, மருந்தும் பயனற்றுப் போனது.

நெருங்கிய உறவுள்ள கிருமிகளை நொதிச் செயல்பாட்டின் மூலம் ஒப்பிடுவதன் பயன் இதுதான். மரபணுவைப் படிக்கும் கருவிகளும், புரத நிறையை வைத்துக் கிருமியைச் சொல்லும் மால்டி-டாஃப் கருவிகளும் பெருகிவிட்ட பிறகும் இந்த வேலை ஓயவில்லை. எஸ்கெரிகியா கோலையையும் ஷிகெல்லாவையும் பிரிக்க மால்டி-டாஃப் இன்றும் தடுமாறுகிறது. மரபணு இருக்கிறது என்பதால் நொதி வேலை செய்கிறது என்றும் ஆகிவிடாது.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் முதன்மையாக வலியுறுத்துவது ஒன்று: இரண்டு சிற்றினங்களுக்கிடையே நொதியில் வேறுபாடு இருக்கிறது என்று எழுதுவதற்கு முன், மற்ற எல்லாவற்றையும் சமமாக்கியிருக்க வேண்டும். ஊடகம், வெப்பநிலை, வளர்ப்பின் வயது, கிருமியின் அளவு, படிக்கும் நேரம், எல்லாமே. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தான்.

முதல் படி: கேள்வியைத் தெளிவாக்குங்கள்

நொதிச் சோதனையில் இரண்டு வகைக் கேள்விகள் உண்டு. "இந்தக் காலனி எந்தச் சிற்றினம்?" என்பது ஒன்று. அதற்கு ஆம், இல்லை என்ற விடை போதும். நிறம் மாறியதா, குமிழி வந்ததா என்று பார்த்தால் சரி. "இந்த நொதி எந்தச் சிற்றினத்தில் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது?" என்பது மற்றது. அதற்கு எண்கள் வேண்டும், அலகுகள் வேண்டும், புரத அளவீடு வேண்டும்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தவறான முடிவுகளுக்கு வேர். ஒரு டியூபில் நிறம் அடர்த்தியாக வந்தது, இன்னொன்றில் வெளிறி வந்தது என்பதை வைத்து முதல் கிருமியில் நொதி அதிகம் என்று எழுதக் கூடாது. முதல் டியூபில் கிருமி அதிகமாக வளர்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: ஒப்பீட்டுக் குழுவும் கன்ட்ரோலும்

ஒரு சிற்றினத்துக்கு ஒரே ஒரு திரிபை (சிற்றினத்துக்குள் உள்ள ஒரு தனி வழிவகையை) எடுத்து ஒப்பிடுவது போதாது. சிற்றினத்துக்குள்ளேயே திரிபுக்குத் திரிபு வேறுபாடு இருக்கும். நீங்கள் எடுத்த ஒன்று விதிவிலக்காக இருந்தால், முழுச் சிற்றினத்தையும் தவறாக விவரித்துவிடுவீர்கள். நோயாளிகளிடமிருந்து வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலத்தில் கிடைத்த பல திரிபுகளை எடுங்கள். ஒரே வார்டில் ஒரே வாரத்தில் கிடைத்தவை ஒரே திரிபின் பிரதிகளாக இருக்கக்கூடும்.

ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு புதிய பாட்டிலுக்கும், பாசிட்டிவ் கன்ட்ரோலும் (கட்டாயம் ஆம் என்று வர வேண்டிய கிருமி) நெகட்டிவ் கன்ட்ரோலும் (கட்டாயம் இல்லை என்று வர வேண்டிய கிருமி) ஓட வேண்டும். கீழே ஏடிசிசி என்பது கிருமிகளைச் சேமித்து வழங்கும் நிறுவனத்தின் பட்டியல் எண். கோயாகுலேஸுக்கு ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923 பாசிட்டிவ், ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் ஏடிசிசி 12228 நெகட்டிவ். ஆக்சிடேஸுக்கு சூடோமோனாஸ் ஏருஜினோசா ஏடிசிசி 27853 பாசிட்டிவ், எஸ்கெரிகியா கோலை ஏடிசிசி 25922 நெகட்டிவ். இவற்றை உறைநிலையில் வைத்திருந்து அவ்வப்போது புதிதாக எடுங்கள். தட்டிலிருந்து தட்டுக்கு மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே போனால் குணங்கள் மாறலாம்.

தளப்பொருள், அதாவது நொதி வினைபுரியும் பொருள், இல்லாத ஒரு டியூபும் வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். யூரியேஸ் பற்றிப் பேசும்போது காரணம் புரியும்.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பெரும்பாலான சோதனைகளுக்கு உயிரியல் பாதுகாப்பு நிலை 2 வேண்டும். வளர்த்தெடுத்த காசநோய்க் கிருமிகளுக்கு நிலை 3. மெதுவாக வளரும், மிகச் சிறிய கிராம் நெகட்டிவ் கோக்கோபேசில்லஸ் (உருண்டைக்கும் கோலுக்கும் இடைப்பட்ட வடிவக் கிருமி) ஒன்று, ஆக்சிடேஸும் யூரியேஸும் பாசிட்டிவ் என்று வந்தால், மேற்கொண்டு எந்தச் சோதனையும் திறந்த மேசையில் செய்யாதீர்கள். அது புருசெல்லாவாக இருக்கலாம். ஆய்வகத்தில் பணியாற்றுபவர்களுக்கே அடிக்கடி தொற்றும் கிருமி அது. தட்டை டேப் ஒட்டி மூடி, பாதுகாப்பு கேபினட்டுக்குள் வையுங்கள், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: வளர்ப்பைச் சமமாக்குங்கள்

18 முதல் 24 மணி நேரம் வளர்ந்த, ஒரே காலனியிலிருந்து தூய்மையாக்கிய வளர்ப்பு. இது அடிப்படை. பழைய வளர்ப்பில் கிருமிகள் பாதி செத்திருக்கும், நொதிகள் சிதைந்திருக்கும். கலப்படமான வளர்ப்பில் வரும் விடை யாருடையது என்றே தெரியாது.

ஊடகத்தைத் தேர்வதில் நிறைய விஷயம் இருக்கிறது. பல நொதிகளை கிருமி தேவைப்பட்டால்தான் உற்பத்தி செய்யும். பீட்டா-கேலக்டோசிடேஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. லாக்டோஸைப் பிளக்கும் இந்த நொதி, லாக்டோஸ் அருகில் இருந்து, குளுக்கோஸ் இல்லாமல் இருந்தால்தான் தாராளமாக உருவாகும். எஸ்கெரிகியா கோலையைக் குளுக்கோஸ் உள்ள ஊடகத்திலும், ஷிகெல்லா சோனியை லாக்டோஸ் உள்ள ஊடகத்திலும் வளர்த்துவிட்டு ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது ஊடகத்தைத்தான், கிருமியை அல்ல. ஓஎன்பிஜி (இந்த நொதி பிளந்தால் மஞ்சள் நிறம் தரும் செயற்கைத் தளப்பொருள்) சோதனைக்கான காலனியை லாக்டோஸ் உள்ள அகாரிலிருந்து எடுப்பது இதனால்தான்.

ஓஎன்பிஜி இன்னொரு அழகான விஷயத்தையும் காட்டுகிறது. ஷிகெல்லா சோனி லாக்டோஸைப் பல நாட்கள் கழித்துத்தான் நொதிக்கச் செய்யும். அதனிடம் நொதி இல்லையோ என்று தோன்றும். நொதி இருக்கிறது, ஆனால் லாக்டோஸை உள்ளே இழுக்கும் கடத்தி பலவீனம். ஓஎன்பிஜி மூலக்கூறு அந்தக் கடத்தியின் தயவு இல்லாமலே உள்ளே நுழையும், அதனால் மஞ்சள் நிறம் வந்துவிடும். செல்லின் உள்ளே நடப்பதும் செல் சவ்வு அனுமதிப்பதும் வேறு வேறு என்பதை ஒப்பீட்டில் எப்போதும் மனதில் வையுங்கள்.

வெப்பநிலையும் அப்படியே. யெர்சினியா என்டரோகொலிடிகா 25 டிகிரியில் வோகஸ்-ப்ரோஸ்காவர் சோதனையில் (குளுக்கோஸிலிருந்து அசிட்டோயின் உருவாகிறதா என்று பார்ப்பது) பாசிட்டிவ் காட்டும், 37 டிகிரியில் நெகட்டிவ். எந்த டிகிரி என்று எழுதாத முடிவு அரை முடிவு.

நான்காம் படி: மேசைச் சோதனைகள்

கேட்டலேஸ்

3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி, காலனியிலிருந்து ஒரு துளிக்கும் குறைவான அளவு, உடனே குமிழி. ஸ்டாஃபைலோகாக்கஸ் குமிழி விடும், ஸ்ட்ரெப்டோகாக்கஸும் என்டெரோகாக்கஸும் விடாது. இவ்வளவு எளிய சோதனையிலேயே தவறுகளுக்கு இடம் உண்டு. ரத்த அகாரிலிருந்து காலனியை எடுக்கும்போது சிவப்பணுக்கள் ஒட்டி வந்தால், அவற்றிலுள்ள கேட்டலேஸே குமிழி விடும். இரும்பு கலந்த லூப்பும் விடும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் லூப்போ போதும். பெராக்சைடு ஒளியில் சிதைவதால் கறுப்பு பாட்டிலில், குளிரில் வையுங்கள். குமிழி வெடிக்கும்போது கிருமி காற்றில் பறக்கும், ஆகவே மூடியுள்ள டியூபில் செய்வது நல்லது.

காசநோய்க் கிருமிகளில் கேட்டலேஸுக்குத் தனிக் கதை உண்டு. அங்கே கேட்ஜி என்ற கேட்டலேஸ்-பெராக்சிடேஸ்தான் ஐசோனியாசிட் மருந்தைச் செயலுள்ளதாக மாற்றுகிறது. ஐசோனியாசிடை எதிர்க்கும் பல திரிபுகளில் கேட்டலேஸ் குறைந்திருப்பதை 1950-களிலேயே கவனித்தார்கள்; 1992-இல்தான் அந்த மரபணு காரணம் என்று உறுதியானது. ஆனால் மிகப் பரவலான 315ஆவது இடத்து மாற்றம் உள்ள திரிபுகள் கேட்டலேஸைப் பெருமளவு வைத்துக்கொண்டே மருந்தை எதிர்க்கின்றன. கேட்டலேஸ் பாசிட்டிவ் என்பதால் மருந்து வேலை செய்யும் என்று சொல்லக் கூடாது. டியூபர்குளோசிஸின் கேட்டலேஸ் 68 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் செயலிழந்துவிடும், பல மற்ற மைக்கோபாக்டீரியங்களில் இழக்காது. இந்த ஒரு வேறுபாடே நெடுங்காலம் இனம் பிரிக்க உதவியது.

கோயாகுலேஸ்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஸ்டாஃபைலோகாக்கஸ் பேரினத்துக்குள் மிக அதிகமாகத் தவறுகள் நடக்கும் சோதனை இது.

முதலில் ஒரு விஷயம். கோயாகுலேஸ் என்று நாம் அழைப்பது கறாராகச் சொன்னால் நொதியே அல்ல. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வெளியிடும் அந்தப் புரதம், பிளாஸ்மாவில் உள்ள ப்ரோத்ரோம்பினோடு சேர்ந்து, அதை வெட்டாமலே விழிக்கச் செய்கிறது. அப்படி விழித்த ப்ரோத்ரோம்பின்தான் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக்கிக் கட்டியாக்குகிறது. இது டியூப் சோதனையில் தெரிவது. ஸ்லைடு சோதனையில் தெரிவது இன்னொன்று: கிருமியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் கிளம்பிங் காரணி. அது ஃபைப்ரினோஜனை நேரடியாகப் பிடித்துக்கொள்வதால் கிருமிகள் ஒன்றோடொன்று திரள்கின்றன. இரண்டு சோதனையும் இரண்டு வேறு மூலக்கூறுகளைப் பார்க்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று இல்லை.

ஸ்லைடு சோதனையில் காலனியை முதலில் உப்புநீரில் நன்றாகக் கரையுங்கள். தானாகவே திரிதிரியாகத் திரண்டால் அங்கேயே நிறுத்துங்கள், அந்த வளர்ப்புக்கு ஸ்லைடு சோதனை செல்லாது. உப்பு மிகுந்த மேனிட்டால் அகாரிலிருந்து எடுக்காததும் இதே காரணத்துக்குத்தான். சமமாகக் கரைந்திருந்தால் ஒரு துளி பிளாஸ்மா சேர்த்து, 10 விநாடிக்குள் திரள்கிறதா பாருங்கள்.

டியூப் சோதனையில், நீர்த்த முயல் பிளாஸ்மா 0.5 மில்லிலிட்டரில் நிறைய கிருமியைச் சேர்த்து 37 டிகிரியில் வையுங்கள். இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்து ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) கலந்த பிளாஸ்மாவாக இருக்கட்டும். சிட்ரேட் கலந்ததானால், சிட்ரேட்டை உண்ணும் என்டெரோகாக்கஸ் போன்ற கிருமி கலந்திருந்தாலே தவறாகக் கட்டிவிடும். டியூபை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், குலுக்காதீர்கள். 1, 2, 4 மணி நேரத்தில் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் கட்டவில்லையென்றால் அறை வெப்பத்தில் வைத்து மறுநாள் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் பார்ப்பதை மட்டும் தவிர்க்கவே கூடாது. சில ஆரியஸ் திரிபுகள் ஸ்டாஃபைலோகைனேஸ் என்ற இன்னொன்றையும் வெளியிடும்; அது கட்டிய கட்டியை மெல்லக் கரைத்துவிடும். மாலையில் கட்டியிருந்தது காலையில் நீராக இருக்கும். மறுநாள் மட்டும் பார்ப்பவர் நெகட்டிவ் என்று எழுதுவார்.

இப்போது உறவினர்களைப் பார்ப்போம். ஸ்டாஃபைலோகாக்கஸ் லக்டூனென்சிஸ் ஸ்லைடில் பாசிட்டிவ், டியூபில் நெகட்டிவ். ஸ்லைடு மட்டும் செய்த ஆய்வகம் இதை ஆரியஸ் என்று எழுதும். டியூப் மட்டும் செய்த ஆய்வகம் "கோயாகுலேஸ் நெகட்டிவ், தோலிலிருந்து கலந்ததாக இருக்கலாம்" என்று ஒதுக்கும். இரண்டாவது தவறு ஆபத்தானது. இந்தக் கிருமி இதய வால்வுகளை ஆரியஸ் அளவுக்கே மூர்க்கமாக அழிக்கக்கூடியது. இதைப் பிடிக்க இரண்டு நொதிகள் போதும்: பிஒய்ஆர் சோதனையில் (பைரோலிடோனில் அமினோபெப்டிடேஸ் என்ற நொதியைப் பார்ப்பது) பாசிட்டிவ், ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் பாசிட்டிவ். ஆரியஸ் இரண்டிலும் நெகட்டிவ்.

இன்னொரு பக்கம் ஸ்டாஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ். நாய்களின் தோலில் வாழ்வது, 2005-இல்தான் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டது. டியூபில் பாசிட்டிவ் காட்டுவதால் நாய்க்கடிப் புண்ணில் இதைப் பார்ப்பவர் ஆரியஸ் என்று எழுதிவிடுவார். பிஒய்ஆர் பாசிட்டிவ் என்பது காட்டிக்கொடுக்கும். பெயர் மாறினால் மருத்துவருக்கு என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். மெதிசிலின் எதிர்ப்பைக் கண்டறிய ஆரியஸுக்குப் பயன்படும் செஃபாக்சிடின் வட்டு, இதற்குச் சரிவராது. ஆக்சசிலினை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெயர் தவறினால் மருந்துத் தேர்வும் தவறும்.

யூரியேஸ்

நொதிகளின் வரலாற்றில் யூரியேஸுக்குத் தனி இடம். 1926-இல் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்த நொதி இது; நொதி என்பது புரதம் என்று அதனால்தான் உறுதியாயிற்று. நோய்க்கிருமிகளில் இதன் வேலை யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிளப்பது. சிறுநீர்ப் பாதையில் ப்ரோட்டியஸ் இதைச் செய்வதால் கல் உருவாகிறது. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி இதைக் கொண்டே அமிலத்தைச் சமாளிக்கிறது.

கிறிஸ்டென்சன் யூரியா அகாரில் ஃபீனால் ரெட் நிறங்காட்டி இருக்கும். அம்மோனியா வந்தால் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பு. ப்ரோட்டியஸ் சில மணி நேரத்திலேயே முழு டியூபையும் மாற்றிவிடும். க்ளெப்சியெல்லா நிமோனியே மெதுவாக, சாய்வின் மேற்பகுதியிலிருந்து ஆரம்பித்து 24 மணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். எஸ்கெரிகியா கோலை மாற்றாது. ஆக, எத்தனை மணிக்கு மாறியது என்பதும் இங்கே விடையின் பாதி.

நிறங்காட்டி யூரியேஸைப் பார்ப்பதில்லை, காரத்தைத்தான் பார்க்கிறது. அந்த ஊடகத்தில் பெப்டோனும் இருக்கிறது. நாட்கணக்கில் வைத்தால், பெப்டோனைத் தின்றே காரமாக்கும் கிருமிகள் யூரியேஸ் இல்லாமலும் இளஞ்சிவப்பைக் காட்டும். முன்பு சொன்ன, தளப்பொருள் இல்லாத டியூப் இங்கேதான் உதவும். அதுவும் சிவந்தால் உங்கள் பாசிட்டிவை அடித்துவிடுங்கள். யூரியாவை ஆட்டோக்ளேவில் வைக்காதீர்கள், சூட்டில் அதுவே உடைந்து அம்மோனியா தரும். வடிகட்டிச் சுத்தப்படுத்தி, ஊடகம் ஆறிய பிறகு சேருங்கள்.

டிகார்பாக்சிலேஸ்

டிகார்பாக்சிலேஸ்கள் அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, காரத்தன்மையுள்ள அமீனை உண்டாக்கும் நொதிகள். மோயெல்லர் ஊடகத்தில் கிருமி முதலில் குளுக்கோஸை நொதிக்கச் செய்து மஞ்சளாக்கும். அமிலம் ஏறிய பிறகுதான் டிகார்பாக்சிலேஸ் வேலையைத் தொடங்கும், ஊடகம் மறுபடி ஊதாவாகும். முதல் சில மணி நேரத்தில் மஞ்சளைப் பார்த்து நெகட்டிவ் என்று எழுதுவது அவசரம். மேலே கனிம எண்ணெய் ஊற்றிக் காற்றை மறைக்காவிட்டாலும், அமினோ அமிலம் இல்லாத டியூபைப் பக்கத்தில் வைக்காவிட்டாலும் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

ஷிகெல்லா முழுவதுமே லைசின் டிகார்பாக்சிலேஸ் நெகட்டிவ், எஸ்கெரிகியா கோலையில் பெரும்பாலானவை பாசிட்டிவ். ஆனால் குடல் சுவரை ஊடுருவும் கோலை வகையும் நெகட்டிவ்தான், ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஷிகெல்லாவுக்குள் ஆர்னிதினைப் பிளப்பது சோனி. டிசென்டரியேவும் ஃப்ளெக்ஸ்னெரியும் பிளப்பதில்லை.

ஹிப்பூரிகேஸ்

கேம்பைலோபாக்டர் ஜெஜுனி ஹிப்பூரேட்டைப் பென்சாயிக் அமிலமாகவும் கிளைசினாகவும் பிளக்கும். கேம்பைலோபாக்டர் கோலை பிளக்காது. 1 சதவீத சோடியம் ஹிப்பூரேட் 0.4 மில்லிலிட்டரில் கிருமியைக் கெட்டியாகக் கரைத்து 37 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள், பிறகு நின்ஹைட்ரின் 0.2 மில்லிலிட்டரைச் சுவரோரமாக ஊற்றுங்கள். 10 நிமிடத்தில் அடர் ஊதா வந்தால் பாசிட்டிவ். அதற்கு மேல் வைக்காதீர்கள். நின்ஹைட்ரின் எந்த அமினோ அமிலத்தோடும் வினைபுரியும், நேரம் நீண்டால் எல்லா டியூபும் மெல்ல ஊதாவாகும். வெளிறிய ஊதாவைப் பாசிட்டிவ் என்று எடுக்க வேண்டாம்.

நைசீரியா

மூன்று நெருங்கிய சிற்றினங்கள், மூன்று நொதிகள். நைசீரியா லாக்டமிகாவில் பீட்டா-கேலக்டோசிடேஸ், மெனின்ஜைடிடிஸில் காமா-குளுட்டமில் அமினோபெப்டிடேஸ், கொனோரியேவில் புரோலில் இமினோபெப்டிடேஸ். கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் புரோலில் இமினோபெப்டிடேஸ் இல்லாத கொனோரியே திரிபுகள் பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன. நொதி கிட்டை மட்டும் நம்பினால் அவை நழுவிவிடும்.

ஐந்தாம் படி: எண்ணால் அளப்பது

"எவ்வளவு" என்ற கேள்வி என்றால் செல்லை உடைத்து உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். எல்லாத் திரிபுகளையும் ஒரே வளர்ச்சிக் கட்டத்தில், ஒரே கலங்கல் அளவில் அறுவடை செய்யுங்கள். கழுவி, பனிக்கட்டியில் வைத்து உடையுங்கள். சோனிகேட்டர் கிருமியைக் காற்றில் தெளிக்கும்; மூடிய டியூபில் கண்ணாடி மணிகளால் குலுக்குவது பாதுகாப்பானது. உடைத்த சாற்றில் உயிருள்ள கிருமி இன்னும் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மையவிலக்கில் சுற்றி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்திய பிறகுதான் பொது மேசைக்குக் கொண்டுவரலாம்.

அப்புறம் சாற்றில் மொத்தப் புரதம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். பிராட்ஃபோர்டு முறையில் 595 நானோமீட்டரில் படிப்போம். உடைக்கும் கரைசலில் டிடர்ஜெண்ட் சேர்த்திருந்தால் பிராட்ஃபோர்டு பொய் சொல்லும். அப்போது பிசிஏ முறைக்குப் போங்கள். நொதிக்கு உலோக அயனி தேவையென்றால் கரைசலில் இடிடிஏ வேண்டாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பீட்டா-கேலக்டோசிடேஸ், தளப்பொருள் ஓஎன்பிஜி. வினைக் கலவை 1 மில்லிலிட்டர், அதில் சாற்றின் புரதம் 0.05 மில்லிகிராம். 10 நிமிடம் கழித்து 0.5 மில்லிலிட்டர் சோடியம் கார்பனேட் ஊற்றி வினையை நிறுத்துகிறோம். 420 நானோமீட்டரில் பிளாங்கைக் கழித்த பிறகு உறிஞ்சல் 0.45. காரக் கரைசலில் ஆர்த்தோ-நைட்ரோஃபீனாலின் மோலார் உறிஞ்சல் குணகம் சுமார் 4,500. 0.45-ஐ 4,500-ஆல் வகுத்தால் 0.0001 மோலார், அதாவது மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோமோல். இப்போது கவனியுங்கள்: க்யூவெட்டில் இருப்பது 1.5 மில்லிலிட்டர் கலவை. ஆகவே உருவானது 0.15 மைக்ரோமோல். 10 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 0.015 மைக்ரோமோல், அதாவது 0.015 அலகு. 0.05 மில்லிகிராமால் வகுத்தால் மில்லிகிராமுக்கு 0.3 அலகு. கார்பனேட்டின் 0.5 மில்லிலிட்டரை மறந்தவருக்கு 0.2 வரும். ஒரு குழு சேர்த்தும் ஒரு குழு மறந்தும் கணக்கிட்டால், அந்த வேறுபாட்டைச் சிற்றின வேறுபாடு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

10 நிமிடம் என்ற நேரத்தையும் சும்மா எடுக்க முடியாது. 2, 4, 6, 8, 10 நிமிடங்களில் படித்து, வரைகோடு நேராகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். பாதியில் வளைந்தால் தளப்பொருள் தீர்ந்துபோகிறது என்று அர்த்தம். சாற்றை நீர்க்கச் செய்து மறுபடி செய்யுங்கள். வேகமான சிற்றினத்தின் கோடுதான் முதலில் வளையும், அதனால் உண்மையான வேறுபாடு குறைத்துக் காட்டப்படும்.

தளப்பொருளின் செறிவும் விளையாடும். இரண்டு சிற்றினங்களின் நொதிகளுக்கு ஒரு கற்பனை எண்ணை வைப்போம். முதலாவதின் மைக்கேலிஸ் மாறிலி (நொதி தன் அதிகபட்ச வேகத்தில் பாதியை எட்டும் தளப்பொருள் செறிவு) 0.1 மில்லிமோலார், அதிகபட்ச வேகம் 10. இரண்டாவதின் மாறிலி 2 மில்லிமோலார், அதிகபட்ச வேகம் 20. தளப்பொருள் 0.1 மில்லிமோலார் வைத்து அளந்தால் முதலாவது 5, இரண்டாவது 0.95. அதையே 10 மில்லிமோலாரில் அளந்தால் முதலாவது 9.9, இரண்டாவது 16.7. எது "அதிகச் செயல்பாடு" என்ற விடையே தலைகீழாகிவிட்டது. ஒரே செறிவில் அளந்து வெளியிடும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை. ஆறேழு செறிவுகளில் அளந்து, மாறிலியையும் அதிகபட்ச வேகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கிருமி வாழும் இடத்தில் அந்தத் தளப்பொருள் எந்த அளவில் கிடைக்கும் என்று தெரிந்தால், அந்தச் செறிவில் என்ன வேகம் என்பதையும் தனியாக எழுதுங்கள்.

திரும்பச் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே சாற்றை மூன்று குழிகளில் ஊற்றிப் படித்தால் உங்கள் பிப்பெட் எவ்வளவு துல்லியம் என்றுதான் தெரியும். வேறு நாளில், வேறு காலனியிலிருந்து, புதிதாக வளர்த்து உடைத்த சாறுதான் உண்மையான மறுசோதனை. புள்ளியியல் கணக்கில் எண்ணிக்கையாக எடுக்க வேண்டியது அதைத்தான்.

ஆறாம் படி: மரபணுவும் செயல்பாடும் முரண்பட்டால்

மரபணு வரிசையைப் படித்தவர் "நொதி உண்டு" என்பார், டியூபைப் படித்தவர் "இல்லை" என்பார். இருவரும் சரியாக இருக்கலாம். எஸ்கெரிகியா கோலை ஓ157:எச்7 இதற்குத் தெளிவான சான்று. கோலையில் பெரும்பாலானவற்றுக்கு பீட்டா-குளுக்குரோனிடேஸ் உண்டு. எம்யூஜி என்ற, இந்த நொதி பிளந்தால் ஒளிரும் தளப்பொருளைக் கொடுத்துப் புற ஊதா விளக்கில் பார்த்தால் நீலமாக ஒளிரும். ஓ157:எச்7-இல் அந்த நொதிக்கான மரபணு இருக்கிறது, ஆனால் பிறழ்வால் கெட்டுவிட்டது, ஒளிராது. நீரில் கோலை இருக்கிறதா என்று இந்த நொதியை வைத்துப் பார்க்கும் முறைகள், ரத்தக் கழிச்சல் தரும் இந்த வகையைக் காணாமல் விட்டுவிடும். கேம்பைலோபாக்டர் ஜெஜுனியிலும் ஹிப்பூரிகேஸ் மரபணு இருந்தும் சோதனையில் நெகட்டிவ் வரும் திரிபுகள் உண்டு.

முரண்பாடு வந்தால் இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் வளர்ப்பு தூய்மையா, கன்ட்ரோல் சரியாக வந்ததா? அடுத்து, மரபணுவில் வாசிப்புச் சட்டகம் (எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு) உடைந்திருக்கிறதா, வினைமையத்து அமினோ அமிலம் மாறியிருக்கிறதா? அதுவும் சரியென்றால் மரபணுவுக்கு முன்னால் உள்ள பகுதியைப் பாருங்கள். நைட்ரேட் ரிடக்டேஸை எடுத்துக்கொள்ளுங்கள்: டியூபர்குளோசிஸ் பலமாகப் பாசிட்டிவ், போவிஸ் நெகட்டிவ். நொதி மரபணுக்களுக்கு முந்தைய ஊக்குவிப்புப் பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதே காரணம். கடைசியாக, தூண்டும் பொருள் ஊடகத்தில் இருந்ததா, தளப்பொருள் செல்லுக்குள் போனதா என்று கேளுங்கள். முழுச் செல்லில் நெகட்டிவும் உடைத்த சாற்றில் பாசிட்டிவும் வந்தால் பிரச்சினை கடத்தியில் இருக்கிறது.

ஏழாம் படி: பதிவு

ஒவ்வொரு முடிவோடும் ஊடகம், வெப்பநிலை, வளர்ப்பின் வயது, படித்த நேரம், தளப்பொருள் செறிவு, கன்ட்ரோல் விடை, பாட்டிலின் லாட் எண் இருக்க வேண்டும். "பலவீனமான பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் புரியாது. "24 மணி நேரத்தில் சாய்வு மட்டும் இளஞ்சிவப்பு, அடிப்பகுதி மஞ்சள்" என்று கண்ணில் பட்டதை எழுதுங்கள். எதிர்பாராத விடை தந்த திரிபைத் தூக்கி எறியாதீர்கள். 15 முதல் 20 சதவீத கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் இரண்டு குப்பிகளாக வையுங்கள்: ஒன்று வேலைக்கு, மற்றது தொடாமல் இருப்பதற்கு. மரபணு வரிசை படிக்கப்படும்போது, நொதிச் சோதனைக்கு எடுத்த அதே குப்பியிலிருந்துதான் டிஎன்ஏவையும் எடுக்க வேண்டும்.